காதர் வேனில் ஐந்து துப்பாக்கிகள்

புதிதாகக் கன்மேன் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசும்படி நம் செக்யூரிட்டி ஏஜென்சியில் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வந்தேன், பேசினேன். லைசன்ஸ் துப்பாக்கியை வண்டியில் எப்படிக் கொண்டு போக வேண்டும் என்று சட்டம் சொல்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினீர்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் செல்போன் பார்த்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பட்டாளத்தில் ரைஃபிளோடு படுத்து ரைஃபிளோடு எழுந்தவனுக்கு, அதை உறையில் போட்டு ஜிப்பை இழுப்பது எப்படி என்று ஒரு கிழவன் பாடம் நடத்தினால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? என் காலத்தில் எனக்கும் வந்தது.

அன்றைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். மைக்கைப் பிடித்ததும் வாய் வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தை இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி முழுசாக மூடிய உறையில் இருக்க வேண்டும், குழாய் முனைகூட வெளியே தெரியக் கூடாது. தோட்டா தனிப் பையில். லைசன்ஸ் ஒரிஜினல் சட்டைப் பையில். முக்கியமானது, துப்பாக்கி எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டீ குடிக்க இறங்கினாலும் கூடவே இறங்க வேண்டும். நம் ஆள் ஒருத்தர் அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது சாப்பாட்டுக் கூடையை ஜாக்கிரதையாக எடுத்துக்கொண்டு துப்பாக்கியை மேல் படுக்கையிலேயே விட்டுவிட்டார். நல்லவேளை, ரயில் நகர்வதற்குள் ஞாபகம் வந்து ஓடினார். இன்றைக்கும் அவருக்கு எங்கள் மத்தியில் 'டிபன் கேரியர்' என்றுதான் பெயர். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை.

சிரிக்க முடியாத கதை வேறு. அதற்கு நம்முடைய பட்டாளத்துப் பழக்கம்தான் காரணம். பட்டாளத்தில் துப்பாக்கி சர்க்காருடையது. டூட்டி முடிந்து களைத்து வருகிற தோழனின் ரைஃபிளையும் வாங்கி நம் தோளில் மாட்டிக்கொண்டு போய், ஆயுதங்கள் வைக்கிற 'கோத்'தில் ஒப்படைப்போம். அதைச் செய்யாதவனை நாம் மனுஷனாகவே மதிக்க மாட்டோம். வெளியே வந்தபிறகு அதே காரியம் குற்றம். இங்கே துப்பாக்கி ஒரு ஆளின் பெயரில் இருக்கிறது. அந்த ஆளும் லைசன்ஸும் துப்பாக்கியும் ஒன்றாகப் பயணம் போக வேண்டும். இதைக் காதில் கேட்டுக்கொள்வது சுலபம். உடம்பு கேட்டுக்கொள்ள ரொம்ப நாளாகும்.

காதரும் நானும் ஒரே வயது. பட்டாளத்தில் வேறு வேறு ரெஜிமென்ட். ஓய்வு பெற்று ஏஜென்சியில் சேர்ந்த பிறகுதான் பழக்கம். அவன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் வாசலில் கன்மேன். நானும் சில வருஷம் வாசலில் நின்றுவிட்டு ஃபீல்டு ஆபீசர் ஆனேன். அதாவது, ஆம்பூர் வட்டாரத்தில் இருக்கிற நம் ஆட்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று டி.வி.எஸ்.ஸில் சுற்றிப் பார்க்கிற வேலை. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, ஹைவேயை ஒட்டி, எக்ஸ்-சர்வீஸ்மேன்கள் சேர்ந்து மனை வாங்கி வீடு கட்டிய ஒரு நகர் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் அங்கேதான் வீடு. அவனை நான் காதர் என்பேன். அவன் என்னை தோஸ்த் என்பான். மற்றவர்களுக்கு அவன் பாய்.

கம்பெனி வாசலில் காதர் நிற்கிற அழகைச் சொல்ல வேண்டும். யூனிஃபார்மில் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. தோல் வாங்க வரும் ஃபாரின் பையர்கள் காரில் வந்து இறங்கினால் அவன் அடிக்கிற சல்யூட்டுக்காகவே ஒரு நொடி நிற்பார்கள். முதலாளி அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வார். காதருக்கும் அந்த வாசல்மேல் அப்படி ஒரு பிரியம். லீவு எடுக்கச் சொன்னால்கூட, "நான் இல்லாட்டி கேட் சும்மா கெடக்கும் தோஸ்த்" என்பான்.

தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வங்கிக் காவலுக்கு விலக்குக் கிடைக்கும். எங்கள் ஆட்களுக்கு அந்த முறை கிடைக்கவில்லை. கடைசித் தேதியைச் சொல்லி, அவரவர் துப்பாக்கியை அவரவர் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நான் எல்லோருக்கும் போன் செய்தேன். என்னுடையதை முதல் ஆளாக நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

எங்கள் நகரில் காதரைத் தவிர இன்னும் நாலு கன்மேன்கள் பாக்கி, தேவராஜ் என்பவன் அதில் ஒருத்தன். எல்லோருக்கும் ஷிப்டு மாற்றி மாற்றி டூட்டி. கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கடி, லீவு கேட்டால் மூஞ்சியைக் காட்டுகிறார்கள். காதருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு, அவனிடம் ஒரு பழைய ஆம்னி வேனும் இருந்தது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டூட்டிக்குப் போகிற வழியில் நாலு பேரும் அவன் வீட்டு வாசலில் துப்பாக்கியை இறக்கிவிட்டு, "பாய், நீ போறப்ப இதையும் குடுத்துடு" என்று லைசன்ஸையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் ஒருவார்த்தை மறுக்கவில்லை. மறுப்பது அவன் பழக்கமே இல்லை.

மற்ற விஷயத்தில் எல்லாம் அவன் சட்டப்படிதான் செய்தான். ஐந்து துப்பாக்கியையும் பிரித்துப் பார்த்து, காலியாக இருப்பதை உறுதி செய்து, உறை போட்டுப் பின் சீட்டில் வரிசையாகப் படுக்க வைத்தான். தோட்டாக்களை ஆள்வாரியாகப் பொட்டலம் கட்டித் தனிப் பையில் வைத்தான். ஐந்து லைசன்ஸையும் ரப்பர் பேண்ட் போட்டு ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஹைவே பாலத்துக்குக் கீழே தேர்தல் பறக்கும் படை வண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

எனக்குப் போன் வந்தபோது நான் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் இருந்தேன்.

"தோஸ்த், வண்டியை நிறுத்திட்டாங்க. ஸ்டேஷனுக்கு இட்டாந்துட்டாங்க. அஞ்சும் இங்க தான் இருக்குது. நீ கொஞ்சம் வர்றியா?"

"அஞ்சா? இன்னா அஞ்சு?"

"நம்ம ஆளுங்களோடது தான்பா. எல்லாம் டூட்டில இருக்கானுங்க. எனக்கு லீவு தானேன்னு எடுத்தாந்தேன்."

கன்மேனுக்கு லைசன்ஸ் போனால் வேலையும் போச்சு. துப்பாக்கி இல்லாதவனுக்குப் பெயர் வாட்ச்மேன், சம்பளமும் கம்மி, மரியாதையும் கம்மி. ஐந்து குடும்பம் அன்றைக்கு அந்த ஸ்டேஷன் மேஜைமேல் இருந்தது. டி.வி.எஸ்.ஸை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் காதர் உட்கார்ந்திருந்தான். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி. தாடியை ஒழுங்காகச் சீவி, அத்தர் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அப்பாடா என்று எழுந்தான். அவனைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வியை எழுதக் கை கூசுகிறது.

"இன்னாத்துக்குய்யா இந்த டிரெஸ்ல வந்த?"

அவன் முகம் சின்னதாகிப் போனது.

"வெள்ளிக்கிழமை தானே தோஸ்த். குடுத்துட்டு அப்டியே ஜும்மாவுக்குப் போலாம்னு பார்த்தேன்."

பயத்தில் கேட்டுவிட்டேன். யூனிஃபார்மில் வந்திருந்தால் பேசுவதற்குச் சுலபமாக இருந்திருக்குமே என்று என் புத்தி கணக்குப் போட்டது. அப்படி ஒரு கணக்கை நான் போட்டேனே என்றுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு நாளில், தொழுகைக்குப் போகிற மனுஷன் வேறு எதை உடுத்துவான்?

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நான் விவரத்தைச் சொன்னேன். லைசன்ஸ் ஐந்தும் ஒரிஜினல், உறை இருக்கிறது, தோட்டா தனியாக இருக்கிறது, வருவதே இந்த ஸ்டேஷனில் ஒப்படைக்கத்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

"எல்லாம் சரிங்க. நான் இல்லன்னு சொல்லல" என்றார் அவர். "ஆளுங்க எங்க? நாலு பேரோட துப்பாக்கி இன்னொருத்தர் கையில இருந்தா அதை நான் இன்னான்னு எழுதறது? எலெக்‌ஷன் டைம். எனக்கு மேல பத்து பேர் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்ட ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். யார் என்று எழுத வேண்டாம். நாலு பேரையும் உடனே வரச் சொல்லு, கூடத்தான் வந்தோம், டீ குடிக்க இறங்கினோம், அதற்குள் வண்டியைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லச் சொல்லு என்றார். நான் தேவராஜுக்குப் போன் போட்டேன். கேட்டில் வேறு ஆளை நிறுத்திவிட்டு இதோ வர்றேன் என்றான் அவன். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. உள்ளே போய் மெதுவாகக் காதரிடம் சொன்னேன்.

"வேணாம்" என்றான்.

"ஏம்பா? அஞ்சு பேரும் தப்பிச்சிக்கலாம்."

"பாலத்துக் கீழ வீடியோ புடிச்சிட்டானுங்க தோஸ்த். வேன் கதவைத் தெறந்ததுலருந்து எல்லாம் அதுல இருக்குது. நான் ஒண்டியா தான் நிக்கறேன். இப்ப நாலு பேரும் வந்து பொய் சொன்னா அஞ்சு லைசன்ஸும் போய்டும். உள்ளதைச் சொன்னா ஒண்ணோட போவும்."

"அந்த ஒண்ணு உன்னோடதுப்பா."

"எடுத்தாந்தவன் நான் தானே."

பறக்கும் படையோடு எப்போதும் ஒரு வீடியோக்காரர் இருப்பார் என்பதை, மூன்று தேர்தல் பார்த்த நான் அந்தப் பதற்றத்தில் மறந்தே போயிருந்தேன். மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் மறக்கவில்லை. அவன் மட்டும் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் ஐந்து பேரும் இன்றைக்கு நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆபத்தில் தலை நிதானமாக வேலை செய்வது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அதற்குக் கிடைத்த கூலியையும் பார்த்தேன்.

தேவராஜை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏஜென்சிக்கும் வக்கீலுக்கும் மாற்றி மாற்றிப் போன் பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், துப்பாக்கிகளை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பியிருந்தார்கள். காதரை அதற்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். என்ன இது என்று கேட்டேன். ஃபைலுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். நான் மறுபடியும் போனுக்குத் திரும்பிவிட்டேன். ஃபைலுக்குத்தானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

கேமராவைக் கண்டதும் அவன் அட்டென்ஷனில் நின்றான். நெஞ்சை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, இரண்டு கையும் தொடையோடு ஒட்டி. அதிகாரி ஒருத்தர் முன்னால் நில் என்றதும் அவன் உடம்பு தானாகச் செய்த காரியம் அது. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்போம்.

அந்தப் போட்டோ ஃபைலோடு நிற்கவில்லை. யார் அனுப்பியது, எந்தப் போனிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் யார்மேலும் பழி போட மாட்டேன். பொழுது சாய்வதற்குள் ஆற்காட்டில் இருக்கும் என் தங்கை மகன் எனக்கே அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "மாமா, உங்க பக்கம் தான். ஜாக்கிரதை" என்று கீழே எழுதியிருந்தான். வேனில் துப்பாக்கிகள் கடத்தியவன் பிடிபட்டான் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்கள். மேஜையில் ஐந்து துப்பாக்கி தெரிந்தது. ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து லைசன்ஸ் தெரியவில்லை. பின்னால் தாடியும் தொப்பியுமாகக் காதர். அட்டென்ஷனில் நின்ற அந்த நிமிர்வைப் படத்தில் பார்த்தால் திமிர் போல இருந்தது. என் சிநேகிதன் என்று தெரிந்த எனக்கே அப்படி இருந்தது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்.

நான் கைவலிக்க வலிக்கப் பதில் போட்டேன். அவர் எக்ஸ்-சர்வீஸ்மேன், எல்லாவற்றுக்கும் லைசன்ஸ் இருக்கிறது, ஒப்படைக்கத்தான் கொண்டு போனார் என்று வருகிற இடத்திலெல்லாம் எழுதினேன். தங்கை மகன் மட்டும் 'சாரி மாமா' என்று அனுப்பினான். நான் எழுதியதை ஒருத்தரும் இன்னொருத்தருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.

சட்டம் தன் வழியில் ஒழுங்காகத்தான் போனது. வழக்கு இல்லை. ஐந்து பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தேர்தல் முடிந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காதர் உள்ளதை உள்ளபடி சொன்னான். மற்ற நாலு பேரும், அவனிடம் கொடுத்தது எங்கள் தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்து ஐந்து லைசன்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தேவராஜ் ஐந்து பேருக்கும் பிரியாணி வாங்கிவந்தான். எல்லோரும் சாப்பிட்டார்கள். காதர் தன் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

ஆனால் வாசல் போய்விட்டது. கம்பெனி முதலாளியும் முஸ்லிம்தான், காதரை நன்றாக அறிந்தவர்தான். அவரே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாராம்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. எனக்குத் தெரியும் நீங்க இன்னான்னு. பையருங்க வர்றாங்க, அவுங்க கூட வர்றவனுங்க போன்ல அந்தப் படம் இருக்குது. எதுக்குப் பேஜார்? கொஞ்ச நாளு உள்ள குடோனைப் பார்த்துக்குங்க."

குடோன் என்றால் பச்சைத்தோல் குடோன். உப்புத் தடவிய தோல்களை அடுக்கி வைத்திருக்கும் இடம். அந்த நாற்றம் சட்டையைத் துவைத்தாலும் போகாது. அங்கே சல்யூட் அடிக்க ஆளும் இல்லை, துப்பாக்கிக்கு வேலையும் இல்லை. கொஞ்ச நாள் என்று முதலாளி சொன்னது முடியவே இல்லை.

துப்பாக்கியைத் திரும்ப வாங்குகிற நாளில் மற்ற நாலு பேரும் காலையிலேயே போய் வாங்கிக்கொண்டார்கள். காதர் மதியம்வரை கிளம்பவில்லை. வேனை விற்றிருந்தான். அந்த நம்பரைப் பார்த்தாலே கடைத்தெருவில் ஆட்கள் குனிந்து உள்ளே பார்க்கிறார்கள் என்றான். நானும் கூட வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினான். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கையெழுத்துப் போட்டு, எண்ணைச் சரிபார்த்து, துப்பாக்கியை வாங்கி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். எல்லாம் கச்சிதமாக.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டுமானால் கடைத்தெருவைத் தாண்ட வேண்டும். தெரு முனையில் அவன் நின்றுவிட்டான். டீக்கடையில் இருந்த நாலைந்து பேர் எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை என்மேல் படவில்லை.

"தோஸ்த், ஸ்டாப் வரைக்கும் நீ புடியேன்."

"இன்னாத்தை?"

"இதை. நான் பக்கத்துலயே தான் வர்றேன். என் கையில இருந்தா ஒரு மாதிரி பார்க்கறானுங்கப்பா."

எனக்கு அந்த நொடியில் மனசில் ஓடியது சட்டம்தான். இவ்வளவு நாள் பட்ட பாடு, நோட்டீஸ், விசாரணை, எச்சரிக்கை, எல்லாம் அடுத்தவன் துப்பாக்கியைக் கையில் எடுத்ததால்தானே வந்தது. அதே ஸ்டேஷனுக்கு எதிரிலேயே அதே தப்பை நான் செய்வதா?

"என் பேர்ல இல்லயேப்பா காதர்" என்றேன்.

அவன் நீட்டிய உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆமா. கரெக்ட்" என்றான்.

அப்புறம் துப்பாக்கியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். உறையை மறைக்க இடம் தேடுகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டான். வாசலில் அப்படி நிமிர்ந்து நிற்கிறவன். யாரோ போனைத் தூக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். பஸ்ஸில் அவன் உட்கார்ந்த சீட்டில் இருந்த ஆள் உறையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். காதர் ஊர் வருகிறவரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

அடுத்த வாரமே வேலூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் முறைப்படி விற்றுவிட்டு, லைசன்ஸும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டான். யார் லைசன்ஸைக் காப்பாற்ற நான் ராத்திரி பகல் அலைந்தேனோ அவனே அதைத் தூக்கிப் போட்டான். நான் திட்டினேன். அவன் சிரித்தான். குடோனுக்கு எதுக்கு தோஸ்த் துப்பாக்கி, எலி சுடவா என்றான்.

ரொம்ப நாள் கழித்து, நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில், வேறொரு கன்மேனின் விவகாரமாக வேலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அவர் தன் ரைஃபிளை ரிப்பேருக்குத் தம்பியிடம் கொடுத்தனுப்பி மாட்டிக்கொண்டவர். வழக்கைப் பார்த்த வக்கீல் அம்மாவோடு கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தேவலாம், தப்பிச்சிடலாம் என்றார் அவர். எப்படி என்று கேட்டேன்.

"எழுத்துல அனுமதி குடுத்து அனுப்பியிருக்காரு இல்ல? ரிப்பேருக்கோ லைசன்ஸ் புதுப்பிக்கவோ அப்டி அனுப்பலாம்னு சட்டத்துலயே இருக்குதுங்க. லைசன்ஸ்காரர் கூடவே இருந்தா எழுத்துகூட வேணாம். அவரு உபயோகத்துக்காக இன்னொருத்தர் தூக்கிக்கலாம்."

"கூடவே இருந்தாவா?"

"ஆமாங்க. அவரு முன்னாலயே எடுத்துட்டுப் போனா தப்பு இல்ல."

"அவரு பக்கத்துல நடந்து வர்றாரு, நான் புடிச்சிட்டு வர்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும்."

"தாராளமா. இன்னா சார், இத்தனை வருஷம் இந்த வேலையில இருக்கீங்க, இது தெரியாதா?"

தெரியாது. எதெல்லாம் கூடாது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். எதெல்லாம் ஆகும் என்று ஒருநாளும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை. கூடாது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் வேலை சுலபமாக ஓடிவிடும், கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளைகளா, நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். சட்டத்தை முழுசாகப் படியுங்கள். பூட்டைப் படிக்கும்போதே சாவியையும் படித்து வையுங்கள். இதைச் சாக்காக வைத்துக்கொண்டு அடுத்தவன் துப்பாக்கியை வண்டியில் ஏற்றிவிடவும் வேண்டாம். ஒப்படைக்கப் போகிறதற்கு அந்தச் சலுகை பொருந்துமா என்பதே வழக்காடவேண்டிய விஷயம் என்று அந்த அம்மாவும் சொன்னார். அவரவர் துப்பாக்கியை அவரவர் தூக்குங்கள். ஆனால் பக்கத்தில் நடக்கிறவன் தூக்க முடியாமல் கேட்டால், முடியாது என்று சொல்வதற்கு முன்னால் அது நிஜமாகவே முடியாதா என்று பாருங்கள்.

கோர்ட்டிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆம்பூர் பஸ் ஏறினேன். குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் காதர். என்னைக் கண்டதும் எழுந்து தன் ஸ்டூலை எனக்குத் தள்ளினான். நான் உட்காராமலே வக்கீல் அம்மா சொன்னதை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். நான் புடிச்சிருக்கலாம்பா, சட்டத்தில் இடம் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போச்சு என்றேன்.

"விடு தோஸ்த். இதுக்கா வேலூர்லருந்து ஓடியாந்த?" என்று என் தோளைத் தட்டினான். உள்ளே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னான். டீ வந்தது. தம்ளரை என் கையில் கொடுக்கும்போது, சாதாரணமாக, வேறு எதையோ விசாரிப்பது போலக் கேட்டான்.

"தெரிஞ்சிருந்தா புடிச்சிருப்பியா?"

டீக்கடையில் இருந்தவர்கள் என் கண்ணில் வந்து போனார்கள். தூக்கிப் பிடித்த அந்தப் போன் வந்தது. பஸ்ஸில் எழுந்துபோன ஆள் வந்தார்.

புடிச்சிருப்பேன் என்று சொன்னேன். ஆனால் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு, ஆறிடப் போவுது, குடி என்றான்.